மரத்தூள்

ஐஸ் உடைக்கிற கைக்கு
மரத்துப்போவது புதுசில்லை.
காசிமேட்டில் ஏலம் தொடங்கும் முன்
இருபத்தேழு வருஷமாய்க் கட்டை தூக்கியதில்
இடது தொடை இடுக்கில்
ஒரு எலுமிச்சை புடைத்தது.
இருமினால் வெளியே வரும்,
படுத்தால் உள்ளே போகும்.
வாடகைக்கு வந்தவன் மாதிரிதான் இருந்தான்,
போன ஆடியில் வீட்டுக்காரன் ஆனான்.

"காலையில வாங்க,
சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்"
என்றார்கள் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில்.
மயக்க டாக்டர் ஹமீதா
அடிவயிற்றோரம் ஜெல் தடவி
ஒரு கருவியை உருட்டினார்.
திரையில் சாம்பல் நிறக் கடல்,
அலை அலையாய்ச் சதை,
நடுவே இரண்டு சின்னக் கண்.
"இதுதான் நரம்பு. தூங்க வைக்கப் போறேன்."

"எவ்ளோ நேரம்மா தூங்கும்?"
"வெறும் மருந்துன்னா ராத்திரிக்குள்ள முழிச்சுக்கும்.
கூட இன்னொரு மருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்,
விடியிற வரைக்கும் இழுக்கும்,
சில பேருக்கு மத்தியானம் வரைக்கும்.
சக்கரை லேசா ஏறும். தூக்கம் வராது. பயப்படாதீங்க."

"ஐஸ் கரையாம இருக்க
மரத்தூள் போடுவோமே, அந்த மாதிரி" என்றேன்.
ஊசியை நிறுத்திச் சிரித்தார்.

பிறகு ஸ்பிரிட் பஞ்சை வைத்து
"சில்லுன்னு இருக்கா?"
தொப்புளுக்கு மேலே இருந்தது.
இடுக்கில் இல்லை.
ஐஸ்காரனிடம் இதுவரை யாரும்
அப்படிக் கேட்டதில்லை.
இல்லை என்று சொல்லக்
கொஞ்சம் வெட்கமாய் இருந்தது.

அரைத்தூக்கத்தில் அறுத்தார்கள், தைத்தார்கள்.
"உள்ள ஒரு வலை வெச்சிருக்கோம்" என்றார் பெரிய டாக்டர்.
கடலுக்கே போகாத எனக்கு
உடம்புக்குள் ஒரு வலை.

கல்மண்டபம் திரும்பும்போது
ஆட்டோ பள்ளத்தில் குதித்தது.
எமல்டா கண்ணை மூடிக்கொண்டாள்.
எனக்கு ஒன்றுமில்லை.
ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
பாதிப் படியில் இடது முட்டி மடிந்தது.
மருந்து கீழே கசிந்தால் அப்படி ஆகும்,
டாக்டர் முன்பே சொன்னதுதான்.
என் காலை நானே கையால் எடுத்து
அடுத்த படியில் வைத்தேன்,
யாருடைய சாமானோ போல.

ராத்திரி முழுக்கக்
கொட்டக்கொட்ட விழித்திருந்தேன்,
வலிக்காக.
வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வராத விருந்தாளிக்கு
யார்தான் கதவைச் சாத்துவார்கள்?
ஒன்றரைக்குத் தண்ணி லாரி வந்தது.
ஆரன் கேட்டதும் எழுந்து
இரண்டு குடத்தில் கை வைத்துவிட்டேன்.
"யோவ், உனுக்கு வலிக்கலன்னா
தையலுக்குத் தெரியுமா?
வெச்சிட்டு உட்காரு!"

அவளே போனாள். ஆறு நடை.
ஒவ்வொரு நடைக்கும்
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
குடம் தரையில் இறங்கும் சத்தம்,
ஒரு மூச்சு,
மறுபடி செருப்பு.
இத்தனை வருஷமும் இந்த நேரத்தில்
நான் மார்க்கெட்டில் இருந்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம்
கஞ்சி வடிக்கிற வாசனையோடு வந்தது.
பெரிதாய் இல்லை.
சாக்குக்கு அடியில் கட்டை
முதல் சொட்டு விடுமே, அவ்வளவுதான்.
மாத்திரை போட்டேன்.
ஆஸ்பத்திரித் தாளில் நேரம் எழுதினேன்:
ஒன்று நாற்பது.
பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு,
எவ்வளவு வலி என்று கேட்டு.
மூன்றைச் சுற்றி வட்டம் போட்டேன்.

பேனாவை மூடாமல் கேட்டேன்:
"உனுக்கு எவ்ளோ?"
"எது?"
"இடுப்பு. ராத்திரி புடிச்சிக்கினே வந்தியே."
கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.
"போய்யா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து,
அடுப்பைப் பார்த்தபடியே,
"ஆறு" என்றாள்.
"மழக்காலத்துல ஏழு."

தாளில் அதற்கு இடமில்லை.
பின்பக்கம் திருப்பி எழுதினேன்.